சொன்ன சரக்கு, சொன்ன நேரம்

கொச்சி நகரின் தெற்குப் பக்கம் பள்ளுருத்தி. அங்கிருந்து வடக்கே போனால் தோப்பும்படி. அதற்கும் அப்பால் மட்டாஞ்சேரி. பள்ளுருத்தி முன்பு தனிப் பஞ்சாயத்து. 1967-ஆம் ஆண்டு கொச்சி மாநகராட்சி உருவானபோது அதோடு சேர்ந்தது.

பள்ளுருத்தியில் ஓர் அரிசிக் கிடங்கு இருப்பதாக நினைத்துக்கொள்வோம். மொத்த வியாபாரக் கிடங்கு. கடைகளுக்கு மூட்டை அனுப்புவது அதன் வேலை. ஒரு நாள் காலையில் அங்கே நடப்பதைப் பார்ப்போம்.

ஆனி மாதம். இரவு முழுவதும் மழை. காலை மணி 9. கிடங்கில் ஓர் இளைஞன் மூட்டை எடுக்கிறான். அவன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். அவன் கையில் ஒரு சீட்டு. "இட்லி அரிசி, 25 கிலோ, 2 மூட்டை, மதியம் 12 மணிக்குள்" என்று அதில் எழுதியிருக்கிறது.

முதல் மூட்டை நன்றாக இருந்தது. இரண்டாவது மூட்டையைத் தூக்கினான். அடிப்பக்கம் ஈரம். ஓட்டிலிருந்து ஒழுகிய தண்ணீர் சுவர் வழியாக இறங்கி மூட்டையை நனைத்துவிட்டது. அந்த ரக அரிசியில் வேறு மூட்டை இல்லை.

இளைஞன் யோசித்தான். நனைந்த பக்கத்தைக் கீழே வைத்து வண்டியில் ஏற்றிவிடலாம். இறக்கும்போது யாருக்கும் தெரியாது. கேட்டால், "வழியில் மழை" என்று சொல்லிவிடலாம்.

கிடங்கில் இருபது வருடம் வேலை செய்த பெரியவர் அதைப் பார்த்தார்.

"என்ன தம்பி, மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறே?"

"அடி நனைஞ்சிருக்கு அண்ணே. கொஞ்சம்தான். அனுப்பிடலாமா?"

"யாருக்குப் போகுது?"

"இட்லிக் கடை அக்காவுக்கு."

பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த அக்காவுக்கு நாளைக்குக் காலையில ஒரு கல்யாண வீட்டுப் பலகாரம். நானூறு பேர். இதுவரைக்கும் கடை அளவுதான் செஞ்சிருக்காங்க. பெரிய வேலை கிடைச்சது இதுதான் முதல் தடவை. மதியம் ஊறப்போட்டாத்தான் சாயங்காலம் ஆட்ட முடியும். ராத்திரி முழுக்க மாவு புளிக்கணும். பன்னிரண்டு மணிக்கு மூட்டையைப் பிரிச்சு, அரிசியில வாடை அடிச்சா அவங்க என்ன செய்வாங்க?"

இளைஞன் பதில் சொல்லவில்லை.

"இப்ப மணி ஒன்பது. இப்பச் சொன்னா அவங்களுக்கு மூணு மணி நேரம் இருக்கு. போய் கணக்கப்பிள்ளைகிட்டச் சொல்லு. போன் போடச் சொல்லு."

கணக்கப்பிள்ளை போன் செய்தாரா? அக்கா என்ன சொன்னார்? அதைப் பின்னால் பார்ப்போம். முதலில் ஒரு கேள்வி. கிடங்கு வேலையில் வாடிக்கையாளர் என்பவர் யார்?

வாடிக்கையாளர் யார்?

கடையில் வாடிக்கையாளர் எதிரே நிற்கிறார். பொருளைத் தொட்டுப் பார்க்கிறார். பிடித்தால் வாங்குகிறார். கிடங்கு வேலை அப்படி இல்லை. இங்கே வாடிக்கையாளர் எதிரே இல்லை. அவருடைய சரக்கு மட்டும் நம் கையில் இருக்கிறது. பணம் கட்டிவிட்டு, சரக்கு வரும் என்று எங்கோ காத்திருக்கிறார்.

பார்க்காத இடத்தில் நடக்கும் வேலை என்பதால் இதற்கு நம்பிக்கைதான் முதல்.

ஒரு மூட்டை பல கை மாறுகிறது. விவசாயி, லாரி ஓட்டுநர், கிடங்குக்காரர், சுமைதூக்குபவர், சிறுவண்டிக்காரர், கடைக்காரர் என்று போகிறது. ஒவ்வொருவருக்கும் அடுத்த கை ஒரு வாடிக்கையாளர். கிடங்கில் சீட்டைத் தெளிவாக எழுதினால் ஓட்டுநருக்கு அலைச்சல் இல்லை. ஓட்டுநர் நேரத்தில் போனால் கடைக்காரருக்குக் கவலை இல்லை. ஓர் இடத்தில் தவறினால் கடைசிக் கையில் இருப்பவர்தான் அவதிப்படுவார்.

சரக்குக்குப் பேர்போன ஊர்

கொச்சிக்கு இந்த வேலை புதிதல்ல. மட்டாஞ்சேரி பஜார் சாலையில் பழைய கிடங்குகள் வரிசையாக உண்டு. மலையாளத்தில் அவற்றைப் பாண்டிகசாலை என்பார்கள். தமிழில் பண்டகசாலை. ஒரு வாசல் தெருப் பக்கம். இன்னொரு வாசல் காயல் பக்கம். மிளகு, சுக்கு, மஞ்சள், அரிசி எல்லாம் வள்ளங்களில் வந்து காயல் வாசலில் இறங்கின. தெரு வாசலில் வியாபாரம் நடந்தது.

பிறகு துறைமுகம் வளர்ந்தது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் கடல் வாயில் இருந்த மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தும் வேலையை நடத்தினார். 1928-ஆம் ஆண்டு மே 26-ஆம் தேதி 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி வெலிங்டன் தீவை உருவாக்கினார்கள். 2011-ஆம் ஆண்டு வல்லார்பாடத்தில் கண்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது.

வள்ளம் போய் லாரி வந்தது. சாக்கு மூட்டையோடு இரும்புப் பெட்டியும் வந்தது. ஆனால் வாடிக்கையாளர் கேட்பது மாறவில்லை. அளவு குறையக் கூடாது. பொருள் கெடக் கூடாது. நேரம் தவறக் கூடாது. தவறினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இந்த நான்கையும் காப்பாற்றுவதற்கு உதவும் ஐந்து பழக்கங்களைப் பார்ப்போம்.

1. எண்ணி வாங்கு, நிறுத்து வாங்கு

சரக்கு உள்ளே வரும்போதே எண்ண வேண்டும். வெளியே போகும்போதும் எண்ண வேண்டும். மூட்டைகளை ஒரே மாதிரி அடுக்கினால் எண்ணுவது சுலபம். ஒரு வரிசைக்கு 6 மூட்டை. 8 வரிசை. 6 x 8 = 48. ஒரு பார்வையில் கணக்குத் தெரியும்.

எடையில் சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும். 50 கிலோ அரிசி பிடிக்கும் புதுச் சணல் சாக்கு சுமார் 580 கிராம் இருக்கும். பத்துச் சாக்குக்கு 5 கிலோ 800 கிராம். இதைக் கழிக்காவிட்டால் வாங்குபவர் சாக்குக்கும் சேர்த்து அரிசி விலை கொடுக்கிறார்.

தராசும் சரியாக இருக்க வேண்டும். மின்னணுத் தராசை ஆண்டுதோறும் எடையளவுத் துறையிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். இது சட்டம்.

கண்டெய்னர் பெட்டி வந்தால் பூட்டில் உள்ள முத்திரை எண்ணைப் பார்க்க வேண்டும். காகிதத்தில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா என்று சரிபார்த்த பிறகே திறக்க வேண்டும்.

2. கெடாமல் அடுக்கு

மூட்டையைத் தரையில் வைக்கக் கூடாது. அடியில் மரச்சட்டம் வேண்டும். சுவரை ஒட்டியும் வைக்கக் கூடாது. ஓர் ஆள் நடந்துபோகும் அளவுக்கு இடம் விட வேண்டும். அப்போதுதான் காற்று போகும். ஒழுக்கு இருந்தால் கண்ணில் படும். எலி வந்தாலும் தெரியும்.

முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும். புதிய மூட்டையை முன்னால் அடுக்கி அதையே எடுத்தால் பழைய மூட்டை பின்னால் கிடந்து புழுத்துவிடும்.

மூட்டையைக் கொக்கியால் குத்தி இழுத்தால் சாக்கு கிழியும். சரக்கு சிந்தும். சிந்துவது ஒரு பிடிதான். ஆனால் நூறு மூட்டைக்கு நூறு பிடி.

மிளகுக்கு ஈரம் பகை. மலபார் கார்பிள்டு முதல் ரக மிளகில் ஈரம் 100-க்கு 11 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் கிடங்குக் கதவைத் திறந்து போட்டால், மலைத் தோட்டத்தில் ஒருவர் வெயிலில் காயவைத்த உழைப்பு வீணாகும்.

3. எழுதி வை

நினைவு மறக்கும். எழுத்து மறக்காது. தேதி, பொருள், எண்ணிக்கை, எடை, யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போகிறது என்ற ஆறும் எழுதப்பட வேண்டும். மூட்டை நனைந்தோ கிழிந்தோ வந்தால், வாங்கும்போதே அதையும் எழுதி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கொச்சியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மலையாளத்தில் "மற்றன்னாள்" என்றால் நாளை மறுநாள். தமிழ்க் காதில் அது "மறுநாள்" என்று விழும். மறுநாள் என்றால் நமக்கு அடுத்த நாள். ஒரு சொல்லால் ஒரு நாள் மாறிவிடும். அதனால் நாளைச் சொல்லாமல் தேதியை எண்ணில் எழுதிக் காட்ட வேண்டும். "12-ஆம் தேதி, காலை 10 மணி" என்று எழுதினால் எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

சீட்டு வெறும் காகிதம் அல்ல. 2007-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கிடங்குச் சட்டப்படி பதிவு செய்த கிடங்குகள் உண்டு. அங்கே விளைச்சலை வைக்கும் விவசாயிக்கு ஒரு ரசீது கிடைக்கும். அந்த ரசீதைக் காட்டி வங்கியில் கடன் கேட்கலாம். விலை குறைந்த நாளில் அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை. அந்த ரசீதில் எடையோ ரகமோ தவறினால் விவசாயியின் கடன் தவறும்.

4. கேட்கும் முன் சொல்

வண்டி தாமதம், சரக்கு குறைவு, மூட்டை சேதம் என்று எது நடந்தாலும் வாடிக்கையாளர் கேட்கும் முன் சொல்ல வேண்டும். முன்னால் சொன்னால் அது தகவல். அதை வைத்து அவர் வேறு வழி பார்ப்பார். பின்னால் சொன்னால் அது சாக்குப்போக்கு. அதனால் யாருக்கும் பயன் இல்லை.

"இதோ வந்துவிடும்" என்று சொல்லக் கூடாது. மணியைச் சொல்ல வேண்டும். முடியாத மணியைச் சொல்லக் கூடாது. பன்னிரண்டுக்கு வரலாம், ஆனால் உறுதி இல்லை என்றால் பன்னிரண்டரை என்று சொல்வது நல்லது.

5. புகாரைக் கேள்

புகார் சொல்பவர் பகைவர் அல்ல. பேசாமல் வேறு கிடங்குக்குப் போகாமல் நம்மிடம் வந்து சொல்கிறாரே, அதுவே நமக்கு உதவி.

முதலில் முழுவதும் கேட்க வேண்டும். குறுக்கே பேசக் கூடாது. அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். "அது என் வேலை இல்லை" என்று தட்டிக்கழிக்கக் கூடாது. உரியவரிடம் அழைத்துப் போக வேண்டும். எப்போது சரியாகும் என்று சொல்ல வேண்டும். சரியான பிறகு ஒரு முறை கேட்க வேண்டும்.

சட்டமும் வாடிக்கையாளர் பக்கம் நிற்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. பெரிய வியாபாரத்துக்கு வாங்குபவர் அதன்படி நுகர்வோர் அல்ல. ஆனால் தன் பிழைப்புக்காகத் தானே உழைத்துச் சிறுதொழில் நடத்துபவர் நுகர்வோர்தான். இட்லிக் கடை அக்கா போன்றவர்களும் இதில் அடங்குவர். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எழுத்து குறைவு, தவறு குறைவு

இந்தப் பழக்கங்களுக்கு நிறையப் படித்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. இரண்டு உதாரணங்களைப் பார்ப்போம்.

ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. கோட்டைக் கொச்சியில் வெளி என்ற இடத்தில் டோபிகானா உண்டு. அங்கே துணி வெளுப்பவர்கள் தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தினர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுக்க அவர்களுடைய முன்னோர் அழைத்து வரப்பட்டார்கள் என்று சொல்வார்கள். பல வீடுகளின் துணி ஒரே இடத்தில் காய்கிறது. எல்லாம் வெள்ளை வேட்டி, வெள்ளை விரிப்பு. ஆனாலும் அவரவர் துணி அவரவர் வீட்டுக்கே திரும்ப வேண்டும். அடையாளம் பார்த்துப் பிரிப்பதும் பிரித்ததை மறுபடி எண்ணுவதும்தான் அந்தத் தொழிலின் உயிர்.

இன்னொன்று மும்பையில் இருக்கிறது. வீட்டில் சமைத்த சாப்பாட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் டப்பாவாலாக்கள். 1890-ஆம் ஆண்டு வாக்கில் இந்த வேலை தொடங்கியது. அவர்களில் பலர் அதிகம் படிக்காதவர்கள். டப்பாவின் மூடியில் நிறமும் எழுத்தும் எண்ணும் எழுதியிருக்கும். எந்த ரயில் நிலையம், எந்தக் கட்டடம், எந்த மாடி என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். ஒரு டப்பா பல கை மாறும். மாலையில் காலி டப்பா அதே வீட்டுக்குத் திரும்பும். நாலைந்து எழுத்தை ஒழுங்காக எழுதுவதும், அதை ஒழுங்காகப் பார்ப்பதும் போதும்.

உழைப்பவருக்கும் மதிப்பு வேண்டும்

நல்ல சேவை தொழிலாளியின் கையில் மட்டும் இல்லை. முதலாளியின் கையிலும் இருக்கிறது. இதற்கு மட்டாஞ்சேரியே சாட்சி.

அங்கே முன்பு 'சாப்பா' என்ற முறை இருந்தது. துறைமுக வேலைக்கு வந்தவர்களின் கூட்டத்துக்குள் உலோக வில்லைகளை வீசி எறிவார்கள். முண்டியடித்துப் பிடித்தவருக்கு அன்றைய வேலை. மற்றவருக்குப் பட்டினி. இதை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். சாப்பா முறை பிறகு ஒழிந்தது.

நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவரால் இன்றைய மூட்டையை நிதானமாக இறக்க முடியுமா? பிறகு கேரளத்தில் சுமைத் தொழிலாளர் சட்டம் வந்தது. வேலைக்கும் கூலிக்கும் ஒழுங்கு ஏற்பட்டது. ஓர் ஆள் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்தது.

உரிமை இருக்கும் இடத்தில் கடமையும் இருக்கிறது. வேலை செய்யாமல், இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி கேட்பதைக் கேரளத்தில் 'நோக்குகூலி' என்பார்கள். வீடு மாற்றுபவரும் சிறுவியாபாரியும் இதனால் துன்பப்பட்டார்கள். 2018-ஆம் ஆண்டு மே 1-ஆம் தேதி, தொழிலாளர் தினத்தன்று, அரசு அதை ஒழிப்பதாக அறிவித்தது. செய்த வேலைக்கு முழுக் கூலி வாங்க வேண்டும். செய்யாத வேலைக்குக் கேட்கக் கூடாது.

அக்கா என்ன சொன்னார்?

இப்போது பள்ளுருத்திக் கிடங்குக்குத் திரும்புவோம். கணக்கப்பிள்ளை போன் செய்தார்.

"அக்கா, ஒரு மூட்டை நல்லா இருக்கு. இன்னொன்னு அடியில நனைஞ்சுபோச்சு. அதை உங்களுக்கு அனுப்ப மாட்டோம். மட்டாஞ்சேரியில ஒரு கடையில அதே ரகம் இருக்கு. எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். பன்னிரண்டரைக்கு வந்துடும். சரிப்படுமா?"

மறுபக்கம் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அக்கா சொன்னார்:

"நல்ல மூட்டையை உடனே அனுப்புங்க அண்ணே. அதை முதல்ல ஊறப்போடுறேன். அடுத்தது பன்னிரண்டரைக்கு வந்தாப் போதும். அதுக்கு மேல தாமதிச்சா முடியாது."

முதல் மூட்டை பத்து மணிக்குப் போயிற்று. இரண்டாவது மூட்டை 12 மணி 20 நிமிடத்துக்குப் போயிற்று. இளைஞனே கொண்டுபோனான். அக்கா மூட்டையைப் பிரித்தார். ஒரு பிடி அரிசியை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கல்யாண வீட்டில் நானூறு பேரும் சாப்பிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அக்கா பணம் கொடுக்கக் கிடங்குக்கு வந்தார். இளைஞனைப் பார்த்துச் சொன்னார்: "மழைக்காலத்துல மூட்டை நனையறது நடக்கிறதுதான் தம்பி. நீங்க ஒன்பது மணிக்கே சொன்னீங்களே, அதனாலதான் என் மானம் தப்பிச்சது."

அன்று மாலையே இளைஞனும் பெரியவரும் ஓட்டை மாற்றினார்கள். சுவரோரம் இருந்த மூட்டைகளை நகர்த்தி இரண்டடி இடம் விட்டார்கள். நனைந்த மூட்டையை இளைஞன் பதிவேட்டில் எழுதினான். தேதி, ரகம், எடை, காரணம். கீழே தன் பெயரையும் எழுதினான்.

பயிற்சி

அ. பதில் சொல்லுங்கள்

1. கணக்கப்பிள்ளை மதியம் 12 மணிக்கு போன் செய்திருந்தால் அக்காவுக்கு என்ன ஆகியிருக்கும்?
2. மூட்டையைச் சுவரை ஒட்டி ஏன் வைக்கக் கூடாது?
3. "மற்றன்னாள்" என்ற மலையாளச் சொல்லுக்கு என்ன பொருள்?

ஆ. கணக்குப் போடுங்கள்

ஒரு வரிசைக்கு 5 மூட்டை. 7 வரிசை அடுக்கியிருக்கிறது. மேலே தனியாக 3 மூட்டை. மொத்தம் எத்தனை?

இ. எழுதிப் பாருங்கள்

உங்கள் வீட்டுக்கு வந்த ஏதாவது ஒரு பொருளுக்கு ரசீது எழுதுங்கள். தேதி, பொருள், எண்ணிக்கை, எடை, கொடுத்தவர், வாங்கியவர் என்ற ஆறும் இருக்கட்டும்.

ஈ. கூடிப் பேசுங்கள்

உங்கள் வேலையில் அடுத்த கை யாருடையது? நீங்கள் ஒரு தகவலை நேரத்தில் சொல்லாததால் அவருக்குக் கஷ்டம் வந்தது உண்டா? மறுமுறை என்ன செய்யலாம்?